விளக்கு வெளியே போனது: ஒரு மீயதார்த்த ஓவியத்தின் நிகழ்வு ஆய்வு

முதலில் ஓவியத்தைச் சொல்லிவிடுகிறேன். ரயில் பெட்டியின் உட்புறம். பொழுது சாய்ந்து இருள் இறங்கும் நேரம். ஜன்னலோரம் ஆளில்லாத இருக்கை, ஒதுக்கிவிட்ட திரைச்சீலை, இருக்கைக்கு மேலே பலகையில் இரண்டு திருகாணித் துளைகள். அங்கே இருக்க வேண்டிய சிறிய வாசிப்பு விளக்கைக் காணவில்லை. அது ஜன்னலுக்கு வெளியே, புல்வெளியின் நடுவில், ஆள் உயரத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் திரைச்சீலையின் ஓரம் ஒன்று காற்றில் ஆடுகிறது. புல்லின் மேல் மஞ்சள் வெளிச்சம் வட்டமாக விழுந்து கிடக்கிறது. 60-க்கு 90 செ.மீ. கேன்வாஸ், எண்ணெய் வண்ணம். நோட்டில் குறிப்பு எழுதிய நாளிலிருந்து கடைசித் தீற்றல் வரை 11 மாதம் ஆனது.

இந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் விதை எங்கே கிடைத்தது, நடுவில் எப்படிக் கெட்டது, எதனால் மீண்டது என்று விவரமாக எழுதிப் பார்க்கிறேன். மீயதார்த்த ஓவியம் (சர்ரியலிசம், கனவில் போல நடக்காததை நடந்ததாகக் காட்டுவது) வரைகிறவர்களிடம் "இதெல்லாம் எப்படித் தோணுது?" என்று கேட்டால் பெரும்பாலும் கனவைக் கைகாட்டிவிடுகிறோம். புதிதாக வரைய வருகிறவருக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. கனவு வராத நாளில் அவர் என்ன செய்வார்? வீட்டிலும் வழியிலும் கண்ணெதிரே இருப்பவற்றை வைத்துக்கொண்டு வேலை செய்ய ஒரு வழி இருக்கிறது என்று இந்தப் படம் எனக்குக் காட்டியது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முன்பு இருந்த நிலை

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நான் விநோதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நோட்டின் இடது பக்கத்தில் பொருட்களின் பட்டியல், வலது பக்கத்தில் இடங்களின் பட்டியல். நாற்காலி, மீன், கடிகாரம், ஏணி இந்தப் பக்கம். வானம், பாலைவனம், குளியலறை, பாலம் அந்தப் பக்கம். ஒன்றையும் மற்றொன்றையும் கோடு போட்டு இணைப்பேன். பாலைவனத்தில் குளியல் தொட்டி வந்தது. பாலத்தின் மேல் மீன் கூட்டம் வந்தது. வண்ணமும் கோடும் ஓரளவு கைக்கு வந்திருந்தன. ஆனாலும் ஒவ்வொரு படமும் பார்த்த மாத்திரத்தில் தீர்ந்துபோனது. இரண்டாம் முறை பார்க்க அதில் எதுவும் மிச்சமில்லை.

இந்த முறைக்குப் பெரிய பரம்பரையே உண்டு. அறுவை மேசை ஒன்றின் மேல் தையல் இயந்திரமும் குடையும் தற்செயலாகச் சந்திப்பதன் அழகைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் லோத்ரேயமோன் எழுதிய உவமையை சர்ரியலிஸ்டுகள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். 1924-இல் அந்த இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட சர்ரியலிச அறிக்கையும், தொலைவில் கிடக்கும் இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும்போது எழும் பொறியைப் பேசியது. அவர்கள் காலத்தில் அந்தப் பொறி உண்மையாகவே பறந்தது. இன்றைக்கு விளம்பரமும் போன் திரையும் நாள் முழுக்கப் பொருந்தாதவற்றைப் பொருத்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த அதிர்ச்சிக்குக் கண் பழகிவிட்டது.

எனக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த பெரியவர் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "எல்லாமே அதிசயமா இருக்குப்பா. பாக்குறவன் கால் ஊன்ற இடம் எங்க?" அன்று எனக்கு அது வருத்தமாக இருந்தது. சரியான நோயறிதல் என்று புரிய நாளானது.

பயணம் போனால் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்று கிளம்பினேன். நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவற்றிலிருந்து ஒரு படமும் பிறக்கவில்லை. இதற்கான காரணம் கொஞ்சம் முக்கியமானது. புகைப்படம் அங்கே என்ன இருந்ததோ அதை வைத்திருக்கிறது. நான் அங்கே என்ன இருப்பதாக ஒரு நொடி நம்பினேனோ, அது அதில் விழுவதில்லை.

அந்த மாலை

அப்படித் திரும்பி வந்த பயணம் ஒன்றில்தான் இது நடந்தது. நீண்ட தூர ரயில். பகல் முழுக்க உட்கார்ந்த அலுப்பு. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வெளியே வெட்டவெளி. வானத்தில் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் பாக்கி இருந்தது. அப்போது புல்வெளியின் மேல் ஒரு விளக்கைப் பார்த்தேன். கம்பம் இல்லை, கம்பி இல்லை. எங்கள் கூடவே அது வந்துகொண்டிருந்தது.

இரண்டு நொடி இருக்கும். பிறகு புரிந்துவிட்டது: என் தலைக்கு மேலே எரிந்த வாசிப்பு விளக்கு கண்ணாடியில் தெரிகிறது, அவ்வளவுதான். புரிந்த பிறகும் நான் கண்ணை எடுக்கவில்லை. விளக்கின் பக்கத்தில் திரைச்சீலையின் ஓரமும் தெரிந்தது. புல்வெளி அதன் ஊடாக ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்து இப்படி எழுதினேன்: "வயலில் ஒரு விளக்கு. எங்களோடு வருகிறது. அதற்கு ஒரு திரைச்சீலை இருக்கிறது." ஜன்னல் என்றோ, பிரதிபலிப்பு என்றோ, ரயில் என்றோ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. யோசித்துச் செய்ததில்லை, அசதியில் அப்படி வந்தது. பின்னால் யோசித்தால், இந்தப் படம் பிறந்ததற்கு அந்த மூன்று வாக்கியங்கள் எழுதப்பட்ட விதமே காரணம் என்று நம்புகிறேன். நான் பார்த்ததைத் திருத்தி எழுதியிருந்தால், 'ஜன்னல் கண்ணாடியில் விளக்கின் பிரதிபலிப்பு அழகாக இருந்தது' என்று எழுதியிருப்பேன். அந்த வாக்கியத்தில் ஓவியத்துக்கு வேலையே இல்லை.

உடனே போனை எடுத்துப் படமும் பிடித்தேன். திரையில் வெறும் ரயில் ஜன்னல்தான் வந்தது. கறை படிந்த கண்ணாடி, அதில் ஒரு மஞ்சள் புள்ளி. யார் பார்த்தாலும் 'ரிஃப்ளெக்‌ஷன்' என்று சொல்லிவிடுவார்கள்.

கண்ணாடியில் நடந்தது என்ன

ஊர் திரும்பிய பிறகு இதன் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தேன். வரைகிறவருக்கு இது வேண்டாத வேலை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இங்கேதான் பாதிப் படம் கிடைத்தது.

சாதாரணக் கண்ணாடி நேராக விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பரப்பும் சேர்ந்து 8 சதவீதம். இது பகலிலும் நடக்கிறது. ஆனால் பகலில் வெளியிலிருந்து வரும் வெளிச்சம் பல மடங்கு அதிகம் என்பதால் அந்த 8 சதவீதம் அதில் கரைந்துவிடுகிறது. இரவில் வெளியே ஒன்றுமே இல்லை, கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, வெளிநிலமும் உள்விளக்கும் ஏறத்தாழச் சமமாகத் தெரியும் குறுகிய நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில்தான் உள்ளே இருப்பது வெளியே போய் நிற்கிறது.

எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? கணக்குப்படி விளக்கு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதே அளவு அந்தப் பக்கம். அதாவது கைக்கெட்டும் தூரம். எனக்கோ அது வயலின் கடைசியில் நிற்பதாகத் தோன்றியது. ஏன் என்று பல நாள் யோசித்தேன். ஓடும் வண்டியில் பக்கத்துக் கம்பம் சட்டென்று பின்னால் போகிறது. தூரத்து மரம் மெதுவாக நகர்கிறது. நிலா நகர்வதே இல்லை, கூடவே வருகிறது. கூட வருவது எதுவோ அது வெகு தொலைவில் இருக்கிறது என்று குழந்தைப் பருவத்திலிருந்தே கண் பழகியிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் விளக்கும் நம்மோடேதான் வருகிறது. ஆகவே மனம் அதைத் தூக்கிக்கொண்டுபோய் நிலாவின் தூரத்தில் வைத்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருந்தும் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே என்பதால் அது பிரம்மாண்டமாகவும் ஆகிவிட்டது. கையளவு விளக்கு, வயலுக்கே வெளிச்சம் காட்டும் விளக்கு ஆனது.

போனில் எடுத்த படத்தில் ஏன் ஒன்றும் இல்லை என்பதும் இதோடு விளங்கியது. அசையாத படத்தில் கூட வருவதும் இல்லை, பின்னால் ஓடுவதும் இல்லை. தூரத்தை ஏமாற்றும் காரணமே போய்விடுகிறது.

இதே வழியில் முன்பே போனவர்கள்

இந்த இடத்தில் ஓவிய வரலாற்றுப் பக்கங்களைப் புரட்டினேன். முன்பு படித்தவைதான், இப்போது வேறு மாதிரித் தெரிந்தன.

பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1938-இல் ஆன்ட்வெர்ப் நகரில் ஆற்றிய உரை ஒன்றில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஓர் இரவு அவர் கண்விழித்த அறையில் கூண்டுக்குள் ஒரு பறவை தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் அவருக்குப் பறவைக்குப் பதில் கூண்டில் ஒரு முட்டை தெரிந்தது. அந்தப் பிழையிலிருந்து, கூண்டு நிறைய ஒற்றை முட்டை அடைந்து கிடக்கும் ஓவியம் வந்தது. அதுவரை தொடர்பில்லாத பொருட்களைச் சந்திக்க வைத்து அதிர்ச்சி தேடியவர் அவர். கூண்டும் முட்டையும் உறவுள்ள பொருட்கள். உறவு இருப்பதால் அதிர்ச்சி குறையவில்லை, கூடியது என்று அவர் கண்டுகொண்டார். என் பட்டியல் நோட்டுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. குளியல் தொட்டிக்கும் பாலைவனத்துக்கும் உறவில்லை. ரயில் விளக்குக்கும் ஜன்னலுக்கு வெளியே ஓடும் வயலுக்கும் உறவு இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் அவை ஒரே கண்ணாடியில் சந்திக்கின்றன.

இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ தெ கிரிகோவின் கதை இன்னும் நெருக்கமானது. 1910 வாக்கில் அவர் குடல் உபாதை ஒன்றிலிருந்து தேறிவந்துகொண்டிருந்தார். ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏற்கனவே பலமுறை பார்த்த இடம். நடுவில் கவிஞர் தாந்தேயின் சிலை, பின்னால் தேவாலயம், இலையுதிர்கால வெயில். எல்லாவற்றையும் முதல் தடவையாகப் பார்ப்பதுபோன்ற விசித்திரமான உணர்வு தனக்கு ஏற்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதிலிருந்து வந்த ஓவியத்தில் சதுக்கம் இருக்கிறது, சிலை இருக்கிறது. சுவருக்கு அப்பால் ஒரு கப்பலின் பாயும் தெரிகிறது. ஃபிளாரன்ஸ் கடலோர நகரம் கிடையாது. அந்தப் பாய் படத்தில் எந்த ஆர்ப்பாட்டமும் செய்யாமல் நிற்கிறது, அதனால்தான் இன்றுவரை அந்தப் படம் தீர்ந்துபோகவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு சம்பவத்திலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. ஒருவர் பாதித் தூக்கத்தில் இருந்தார், மற்றவர் நோயிலிருந்து எழுந்திருந்தார். நான் அலுத்துப்போயிருந்தேன். கண் பார்த்ததை மனம் திருத்துவதற்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமானது. பயணம் நமக்குக் கற்பனை கொடுக்கிறது என்று சொல்வார்களே, அதன் உண்மையான பொருள் இந்தத் தாமதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. புது இடத்தில் மனத்துக்கு எதையும் அடையாளம் காண ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்த ஒரு நொடி இருந்தால் போதும், புதுக் காட்சியே தேவையில்லை. காடுகளை வரைந்து பேர்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரூசோ பிரான்ஸை விட்டு வெளியே போனதில்லை. அவர் வரைந்த காடுகளெல்லாம் பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடுகளில் முளைத்தவை.

முதல் கேன்வாஸ் ஏன் நிற்கவில்லை

விதை கிடைத்துவிட்டது என்ற உற்சாகத்தில் உடனே வரைந்தேன். அது கெட்டுப்போனது.

முதல் கேன்வாஸில் புல்வெளியில் விளக்கு இருந்தது. கூடவே கண்ணாடியில் பார்த்த மற்ற எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோனேன். இருக்கைகள் புல்லின் மேல் வரிசையாக நின்றன. தூங்கும் பயணியின் முகம் குன்றாக மாறியது. ஒரு பயணப் பெட்டி காற்றில் மிதந்தது. பழைய பழக்கம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மூன்று வாரம் வேலை செய்தபின் தள்ளி நின்று பார்த்தேன். பெரியவர் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. கால் ஊன்ற இடமில்லை.

அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குறிப்பைத் திரும்பப் படித்தேன். வயலில் ஒரு விளக்கு. அது கூடவே வருகிறது. அதற்கு ஒரு திரைச்சீலை இருக்கிறது. முகம் இல்லை, இருக்கை இல்லை, பெட்டி இல்லை. நானாகச் சேர்த்தது எல்லாம்.

அப்புறம் ஒன்றொன்றாக எடுத்தேன். சிறிய தாள்களில் பென்சில் ஸ்கெட்ச், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் குறைவு. கடைசியில் விளக்கு மட்டும் மிஞ்சியபோது வேறு சிக்கல் வந்தது. கம்பம் போட்டால் தெருவிளக்கு ஆகிவிடுகிறது. கம்பம் இல்லாவிட்டால் ஏதோ பறக்கும் தட்டு. இரண்டுமே பொய். அந்த விளக்கு இந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று சொல்ல ஏதாவது வேண்டும். விடை குறிப்பிலேயே இருந்தது: திரைச்சீலை. விளக்கின் பக்கத்தில், வெளியே, அந்த ஓரத் துண்டை வரைந்தேன். பெட்டிக்குள் இருக்கும் திரையிலும் அதே சிறு கட்டம் போட்ட துணி. உள்ளே இருக்கும் திரை அசையாமல் தொங்குகிறது. வெளியே இருப்பது மட்டும் ஆடுகிறது, ஏனென்றால் அங்கே காற்று இருக்கிறது.

பிறகுதான் உள்ளே இருக்கும் விளக்கை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அது உள்ளேயும் எரிந்தால் வெளியே இருப்பது பிரதிபலிப்புதான் என்று ஆகிவிடும். அணைத்து வைத்தாலும் இரண்டு விளக்கு இருக்கிறது. ஒரு ராத்திரி சாதாரணமாக அந்த இடத்தைத் துணியால் துடைத்து, இரண்டு துளைகளை மட்டும் வைத்தேன். அந்த நிமிடம் படம் தானாக எழுந்து நின்றது. விளக்கு வெளியே போய்விட்டது. படத்தில் நடந்தது அந்த ஒன்றுதான். ஒரு பொருளை மாற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சம்பவம் நடந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. மற்ற எல்லாம் அந்தச் சம்பவத்தின் அடையாளமாக இருந்தால், எத்தனை மாற்றம் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

துண்டும் டார்ச்சும்

இனி உலகத்தின் மற்ற விதிகள் எதுவும் பிசகக் கூடாது. விளக்கு உண்மையாகவே அங்கே இருந்தால் புல்லின் மேல் வெளிச்சம் எப்படி விழும்? மனத்திலிருந்து வரைந்தால் எப்போதும் தப்பாகவே வருகிறது. ஆகவே அறையை இருட்டாக்கிவிட்டு, மேசையில் ஒரு தடித்த குளியல் துண்டை விரித்தேன். அதன் நூல் வளையங்கள்தான் புல். மேலே ஒரு சின்ன டார்ச்சைத் தொங்கவிட்டேன். ஜன்னல் வழியே மாலையின் மிச்ச நீலம் வந்துகொண்டிருந்தது.

அதை உட்கார்ந்து பார்த்த ஒரு மணி நேரத்தில், நான் நினைத்தே பார்க்காத மூன்று விஷயங்கள் தெரிந்தன. விளக்குக்கு நேர் கீழே இருந்த வளையங்களுக்கு நிழலே இல்லை. தள்ளிப்போகப்போக நிழல்கள் நாலா பக்கமும் வெளிநோக்கி நீண்டன, சூரியகாந்தி இதழ் மாதிரி. வெளிச்சத்தின் விளிம்பு நான் நினைத்ததுபோல் மெல்லக் கரையவில்லை. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் வெளிச்சம் கால் பங்காகிவிடுகிறது, மூன்று மடங்குக்கு ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே அது சட்டென்று விழுகிறது. அப்புறம், மஞ்சள் வெளிச்சத்துக்குள் விழுந்த நிழல்கள் கறுப்பாக இல்லை. ஜன்னலின் நீலம் அவற்றை நிரப்பியிருந்தது.

அந்த நீல நிழல்களுக்கு அல்ட்ராமரைன் என்ற அடர்நீலத்தோடு கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு கலந்தேன். வெளிச்ச வட்டத்தை யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளில் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாக ஏற்றினேன். விளக்கின் நடுவில் முதலில் கலப்பில்லாத வெள்ளை வைத்தேன். அது கத்தரித்து ஒட்டிய காகிதம் போல் துருத்திக்கொண்டு நின்றது. வெள்ளையை எடுத்துவிட்டு வெளிர்மஞ்சள் வைத்து, சுற்றியுள்ள வானத்தையும் நிலத்தையும் ஒரு படி இறக்கினேன். பிறகுதான் விளக்கு எரிந்தது. எண்ணெய் வண்ணம் காயக் காத்திருக்கும் நாட்களும் சேர்ந்துதான் 11 மாதம் ஆனது.

பெட்டியின் மரப் பலகைக்கு ஒரு வழி சர்ரியலிஸ்ட் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டிடமிருந்து வந்தது. 1925 ஆகஸ்டில் மழைநாள் ஒன்றில் கடலோர விடுதி அறையில் அடைபட்டிருந்தபோது, தேய்ந்த தரைப் பலகைகளின் ரேகைகள் அவர் கண்ணைப் பிடித்து இழுத்தன. தாளை விரித்து மேலே பென்சிலால் தேய்த்து எடுத்தார். அந்தத் தேய்ப்புகளிலிருந்து காடுகளும் விலங்குகளும் பிறந்தன. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பழைய மேசைப் பலகையைத் தேய்த்து எடுத்த ரேகையைத் திருகாணித் துளைகளைச் சுற்றி அப்படியே வரைந்தேன். அங்கே ரேகை உண்மையாக இருந்ததால் துளைகளும் உண்மையாகிவிட்டன.

பார்த்தவர்கள்

முடித்த பிறகு பலருக்குக் காட்டினேன். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒரு சிறுமி நேராகத் துளைகளுக்கு வந்து, "யாரு கழட்டினா?" என்று கேட்டாள். தினமும் ரயிலில் போய்வரும் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த இடத்தை நான் பார்த்திருக்கேன்" என்றார். அது எந்த இடமும் கிடையாது, நாலைந்து ஸ்கெட்சிலிருந்து கோத்த வயல். ஆனால் அவர் சொன்னது உண்மை என்றுதான் எனக்குப் பட்டது.

இரண்டு பேர் ஒன்றுமே காணாமல் கடந்து போனார்கள். தெருவிளக்கு என்று நினைத்துவிட்டார்கள். ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். தப்பு என் பக்கம்தான். வெளியே ஆடும் திரைத் துண்டின் நிறம் பின்னால் இருந்த நிலத்தோடு கலந்துபோயிருந்தது. அதை இரண்டு படி வெளிச்சமாக்கிய பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை. அடக்கமாக வரைவதில் இந்த ஆபத்து உண்டு. குறைத்துச் சொல்லும்போது, சொன்ன ஒன்று கண்டிப்பாகக் கண்ணில் பட வேண்டும்.

வீட்டுக்குள் சோதனை

இது பயணத்தால் வந்த அதிர்ஷ்டமா, இல்லை வீட்டிலும் நடக்குமா என்று பார்க்க ஆசை வந்தது. ஆறு வாரம் வீட்டைவிட்டு அதிகம் நகராமல், கண்ணும் உடம்பும் செய்யும் பிழைகளை மட்டும் எழுதினேன். விதி ஒன்றே ஒன்று: திருத்துவதற்கு முன் நம்பியதை, நம்பியபடியே எழுத வேண்டும். 41 குறிப்புகள் சேர்ந்தன. பயன்பட்டவை மூன்று.

பயன்படாதவற்றைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். கதவின் பின்னால் மாட்டிய சட்டை ஆளாகத் தெரிந்தது. தரையில் கிடந்த நூல் பூச்சியாகத் தெரிந்தது. இவையெல்லாம் விளங்கியவுடன் செத்துவிடும் பிழைகள். சட்டை என்று தெரிந்த பிறகு ஆள் திரும்பி வருவதில்லை. ரயில் விளக்கு அப்படி இல்லை. பிரதிபலிப்பு என்று நன்றாகத் தெரிந்த பிறகும் அது வயலிலேயே நின்றது. ஆகவே இப்போது குறிப்புகளை ஒரு வாரம் ஆறப்போட்டுவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். உண்மை தெரிந்த பிறகும் எது நீடிக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பிழைத்த மூன்றில் ஒன்று இது. வீட்டைத் துடைத்து ஈரம் காயாத நேரம். தரையில் ஜன்னலும் வானமும் தெரிந்தன. அந்த இடத்துக்கு வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. அங்கே தரை இல்லை என்று கால் நம்பியது. குறிப்பு: "கூடத்தின் நடுவில் வானம். இறங்க வேண்டும்." கண் செய்யும் பிழையைவிடக் கால் செய்யும் பிழை ஆழமானது, ஏனென்றால் உடம்பு ஏற்கனவே அதற்கேற்ப நடந்துகொண்டுவிட்டது. இதில் என்ன சம்பவம் நடந்திருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். யாரோ இறங்கிப் போயிருக்கிறார்கள். வானம் தெரியும் தரையின் விளிம்பில், இறங்குகிறவர் கழற்றி வைத்ததுபோல் ஒரு ஜோடி செருப்பு. அந்தப் படம் மூன்று மாதத்தில் முடிந்தது. செருப்பின் ஈரத் தடம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது.

காத்திருக்கும் நடைக்கூடம்

சம்பவம் கிடைத்து இடம் கிடைக்காமலும் போகலாம், இடம் கிடைத்துச் சம்பவம் வராமலும் போகலாம். இரண்டாவது இப்போது எனக்கு நடந்துகொண்டிருக்கிறது. எங்கோ தங்கிய விடுதியின் நடைக்கூடம் அது. நீளமான விரிப்பு, இரு பக்கமும் மூடிய கதவுகள், கடைசியில் ஒரு ஜன்னல். பார்த்த நொடியில் வரைய வேண்டும் என்று தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை. வெறும் நடைக்கூடமாகவே வரைந்து முடித்துவிட்டேன்.

முன்பென்றால் அதில் ஒரு மீனையாவது விட்டிருப்பேன். இப்போது காத்திருக்க முடிகிறது. ஸ்பானிய ஓவியர் டாலியின் பேர்பெற்ற உருகும் கடிகாரங்களும் அப்படிக் காத்திருந்த நிலக்காட்சி ஒன்றில் வந்து விழுந்தவைதான். 1931-இல் ஸ்பெயினின் போர்ட் யிகாட் கடற்கரைப் பாறைகளை ஏற்கனவே வரைந்து வைத்துவிட்டு, அதில் என்ன வரும் என்று தெரியாமல் இருந்தார். தலைவலியால் வெளியே போகாமல் வீட்டிலிருந்த ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில் இளகிக் கிடந்த பாலாடைக்கட்டியைப் பற்றிய யோசனை ஓடியது. படுக்கப் போகுமுன் வழக்கம்போல் அந்தக் கேன்வாஸை ஒருமுறை பார்க்கப் போனபோது கடிகாரங்கள் தெரிந்தன என்று எழுதியிருக்கிறார். ஸ்பெயினில் பிறந்த ஓவியர் ரெமேதியோஸ் வரோ 1940-களின் கடைசியில் வெனிசுவேலாவில் இருந்தார், ஒரினோக்கோ நதிப் பக்கமும் போனார். அந்த நதியின் ஊற்றைத் தேடிச் சின்னஞ்சிறு படகில் தனியாகப் போகும் பெண்ணை வரைந்தது 1959-இல். ஊற்று, மரப் பொந்துக்குள் மேசைமேல் வைத்த ஒரு கண்ணாடிக் கோப்பையிலிருந்து வழிகிறது. பத்து வருடம் அந்த நதி அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நடைக்கூடத்தில் வெளிச்சம் கடைசி ஜன்னலிலிருந்து வருகிறது. கதவுக் குமிழ்களின் நிழல்களைக்கூடச் சரிபார்த்து வைத்திருக்கிறேன். அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் முன்னால் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுகிறேன். போன வாரம் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது: "லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது." யாரோ உதறிவிட்டுப் போன குடையின் ஈரம் அது. இன்னும் மூன்று நாள் கழித்து அந்தக் குறிப்பைத் திரும்பப் படிப்பேன்.